கழிவுநீர்த் திட்டம் வருகிறது: தோட்டத்தையும் டவுனையும் எப்படிப் பேச வைப்பது?

கேள்வி: ஐயா, எங்கள் டவுனுக்கும் சுற்றியுள்ள மூன்று தேயிலைத் தோட்டங்களுக்கும் பொதுவாகக் கழிவுநீர்க் குழாய் போட்டு, கீழே ஆற்றோரத்தில் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்போவதாகப் பேச்சு. இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. மக்களைத் திரட்டித் தரும்படி எங்கள் இளைஞர் மன்றத்தைக் கேட்டார்கள். போன மாதம் ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், தேநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். இப்போது தோட்டத்தில் "டவுன் பீயை எல்லாம் நம்ம தலைமாட்டுல கொண்டாந்து கொட்டப் போறாங்க" என்கிறார்கள். கடைக்காரர்கள் ரோட்டைத் தோண்டினால் வியாபாரம் போய்விடும் என்கிறார்கள். இரு பக்கத்தையும் எப்படி உட்கார வைப்பது?
(மன்றச் செயலாளர் ஒருவர், நுவரெலியா மாவட்டம்)

பதில்:

அன்பின் தம்பிக்கு,

கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. வார நாளில் காலை பத்து மணியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் கொழுந்து மலையில் நிற்கும் பெண் மண்டபத்துக்கு வந்தால் அவருடைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். அரைப்பேராவது போகும். ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, "கழிவுநீர் முகாமைத்துவம்" என்ற சொல்லை இருபது தடவை கேட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. அவர்கள் வராததை அக்கறையின்மை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒவ்வொரு தோட்டத்திலும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பத்துப் பன்னிரண்டு பெண்களோடு மட்டும் உட்காருங்கள். தலைவர்மாரையும் கோயில் கமிட்டியையும் தனியாகச் சந்திக்கலாம், அவர்களை விடவும் கூடாது. ஆனால் அவர்கள் இருக்கும் இடத்தில் பெண்கள் கக்கூஸைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். எந்தக் குழி நிறைந்திருக்கிறது, ராத்திரியில் எந்தக் கதவு பூட்டாது, எந்த வீட்டுப் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றோட்டம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். "கக்கூஸ் தண்ணி எங்க போகுது? குசினித் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மிச்சத்தை அவர்கள் சொல்வார்கள்.

பேசி முடிந்ததும் எழுந்து நடங்கள். லயத்துக்குப் பின்னால் ஓடும் கானைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே போய் ஆற்றில் விழுகிறதோ அதுவரை. நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் இதேபோல் ஒரு டவுனுக்குக் கீழே இருந்த தோட்டத்தில் ஆய்வுக் குழுவோடு நடந்துகொண்டிருந்தோம். மாசி மாதம், காய்ந்த வெயில். வரைபடத்தில் பம்ப் நிலையத்துக்கு ஆற்றோரத்தில் ஓர் இடம் குறித்திருந்தார்கள். எங்களோடு வந்த பாட்டி ஒருவர், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டே குனிந்து ஒரு கல்லைக் கையால் தட்டிக் காட்டினார். கல்லின் இடுப்பளவு உயரத்தில் சேற்று நிறத்தில் ஒரு கோடு. "ஆனி ஆடியில இதுவரைக்கும் தண்ணி ஏறும், தொரை" என்றார். பொறியியலாளர் அந்தக் கோட்டுக்கும் தரைக்கும் இடையே நாடா வைத்து அளந்தார், பிறகு கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். அந்த நிலையம் மேலே, வேறு இடத்துக்குப் போனது. அந்தப் பாட்டியின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. எனக்கு இன்றுவரை அது ஒரு குறைதான்.

ஒரு கூட்டம் உண்மையில் நடந்ததா என்பதை நான் இதைக் கொண்டுதான் பார்ப்பேன். மக்கள் சொன்னதால் திட்டத்தில் ஏதாவது மாறியதா? மாறியிருந்தால் எது? அதை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்களா? மாறவில்லை என்றால் ஏன் மாற்ற முடியவில்லை என்ற காரணத்தையாவது சொன்னார்களா? கையெழுத்துப் புத்தகத்தில் இதற்கெல்லாம் இடம் கிடையாது.

"தலைமாட்டுல கொட்டப் போறாங்க" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதை வதந்தி என்று தள்ளிவிடாதீர்கள். கழிவுநீர்க் குழாய் முடிந்தவரை பள்ளத்தை நோக்கித்தான் போடப்படும், தண்ணீர் தானாக ஓடுவதற்காக. அதனால் சுத்திகரிப்பு நிலையம் வழக்கமாகப் பள்ளத்தில், ஆற்றோரத்தில் வந்து நிற்கும். நம் மலையகத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு லயம் இருக்கும். ஆகவே அவர்களுடைய பயத்துக்குக் காரணம் உண்டு. "வேறு எந்தெந்த இடங்களைப் பார்த்தீர்கள், ஏன் விட்டீர்கள்?" என்று கேட்கும் உரிமையும் உண்டு. சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்படும் திட்டமாக இருந்தால், மாற்று வழிகளைப் பற்றி அந்த அறிக்கையே சொல்லியாக வேண்டும்.

நாற்றம் வருமா என்று கேட்பார்கள். வராது என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். ஒழுங்காக நடக்கும் நிலையத்தில் கழிவுநீர் வந்து விழும் இடத்திலும், சேற்றைப் பிழிந்து காயவைக்கும் இடத்திலும் நாற்றம் இருக்கும், வேலிக்கு வெளியே குறைவாக இருக்கும். மின்சாரம் போய் காற்றடிக்கும் இயந்திரம் நின்றுவிட்டால் கூடும். ஆகவே ஜெனரேட்டர் உண்டா, லயத்துக்கும் வேலிக்கும் எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேளுங்கள். இதை வாயால் விளக்குவதைவிட ஒரு பஸ் பிடிப்பது மேல். கண்டி நகரத்துக்கென்று ஜப்பானியக் கடனுதவியோடு, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கன்னொறுவையில் கட்டிய நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்கு 14,000 கன மீட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அளவில் அமைக்கப்பட்டது. முன்கூட்டியே அனுமதி எடுத்து ஐம்பது பேரைக் கூட்டிப் போங்கள். உங்கள் தோட்டத்தில் யார் அதிகமாக எதிர்க்கிறாரோ அவருக்கு முன் சீட்டைக் கொடுங்கள். அவர் திரும்பி வந்து சொல்வதைத்தான் லயம் நம்பும். அங்கே நுழைவாயிலில் வரும் கறுத்த தண்ணீரையும் கடைசியில் வெளியேறும் தண்ணீரையும் இரண்டு கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தெளிவாகத் தெரிந்தால் மட்டும் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும். ஆறுகளிலும் ஓடைகளிலும் விடும் கழிவுநீரில், அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஒட்சிசன் தேவை என்று பார்க்கும் அளவு, லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இது 2008 முதல் வர்த்தமானியில் உள்ள தரம். வீட்டிலிருந்து வரும் கழிவுநீரில் இது வழக்கமாக 200க்கு மேல் இருக்கும். மாதாமாதம் வரும் பரிசோதனை முடிவை, தமிழிலும் சிங்களத்திலும், கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பதை இப்போதே ஒரு நிபந்தனையாக வையுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

இன்னொரு நிபந்தனை எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். நிலையத்தை ஒட்டிய லயங்களுக்குத்தான் முதல் இணைப்புக் கொடுக்க வேண்டும். டவுன் ஹோட்டல்களின் கழிவு லயத்து வாசலைக் கடந்து போய்ச் சுத்தமாகும், அந்த லயத்துக் கக்கூஸ் மட்டும் பழையபடி கானில் கசியும் என்றால் அப்படி ஒரு திட்டத்துக்கு ஆதரவு கேட்கும் முகம் நமக்கு இருக்கக்கூடாது. பணம் போதாது, தோட்டங்கள் இரண்டாம் கட்டத்தில் என்பார்கள். அப்போது ஆற்றின் கதையைச் சொல்லுங்கள். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அதை அம்பத்தளையில் எடுத்துத்தான் கொழும்பு குடிக்கிறது. உங்கள் ஊர் மறுபக்கச் சரிவில் இருந்தால் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. கீழே இத்தனை இலட்சம் பேருக்குத் தண்ணீரைக் காப்பாற்றிக் கொடுக்கும் தோட்டம் தனக்கு ஒரு குழாய் கேட்பது சலுகை கேட்பதாகாது. மேலே நடப்பது கீழே நோயாக வரும் என்பதை நம் மாகாணமே பார்த்திருக்கிறது. 2007 இல் கம்பளையில் மஞ்சட்காமாலை பரவியதை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

நிலத்தின் விஷயம் சிக்கலானது. தோட்டக் காணி அரசுடையது, 1990களிலிருந்து கம்பனிகளின் பொறுப்பில் இருக்கிறது, லயத்தில் இருப்பவர் கையில் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. "காணிச் சொந்தக்காரரிடம் சம்மதம் வாங்கிவிட்டோம்" என்று சொன்னால் அதில் உங்கள் மக்கள் யாருமே இல்லை என்று பொருள். மரக்கறித் தோட்டம் போகிறதா, மாட்டுப்பட்டி போகிறதா, தண்ணீர்ப் பீலிக்குப் போகும் பாதை அடைபடுகிறதா என்று வீடு வீடாக எழுதிக்கொள்ளுங்கள். உறுதிப்பத்திரம் இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்பது 2001 இல் அமைச்சரவை ஏற்ற மீள்குடியேற்றக் கொள்கையிலேயே இருக்கிறது. தோட்டத்துக்குள் வேலை செய்யத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பிரதேச சபை சொன்னால், அது பழைய கதை. பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது.

சரிவைப் பற்றி ஒரு வார்த்தை. ஊறல் குழியிலிருந்து வருடக்கணக்கில் மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் மலைச்சரிவுக்கு நல்லதல்ல. அதைக் குழாயில் எடுத்துப் போவது அந்த வகையில் நன்மை. ஆனால் அதே சரிவில் உடைந்து கசியும் குழாய் அதைவிட ஆபத்து. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவர்களை நினைத்துத்தான் நம் மக்கள் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். குழாய் போகும் பாதைக்கு, மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்று கேட்டு, அதை வாங்கிப் படித்துக் காட்டுங்கள்.

தாள்களை வாங்கச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் டொலரையோ உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாயையோ தாண்டும் திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிப்பது அமைச்சரின் கடமை. அதே சட்டத்தில் தகவல் கோரிக்கையையும் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு வெளிவந்தால் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். அந்த 30 நாளில் நூறு பக்கத்தைத் தோட்டத்தில் யாரும் படிக்கப் போவதில்லை. மன்றத்தில் உயர்தரம் படித்த பிள்ளைகள் நாலு பேர் ஆளுக்கு ஒரு பகுதியை எடுத்து, பேச்சுத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, இஸ்தோப்பில் வாசித்துக் காட்டட்டும்.

கடைக்காரர்களைச் சமாளிப்பது எளிது. அவர்களுக்குத் தேவை திகதி. ஒரே நேரத்தில் எத்தனை மீட்டர் தோண்டுவார்கள், எத்தனை நாளில் மூடுவார்கள், தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முந்திய வாரங்களில் வேலையை நிறுத்துவார்களா, கடை வாசலுக்குப் பலகைப் பாலம் போடுவார்களா. இதை எழுத்தில் வாங்கிக் கொடுத்தால் பாதிச் சத்தம் அடங்கும். பதிலுக்கு ஹோட்டல்காரர்களிடம் நீங்களும் ஒன்று வாங்க வேண்டும். எண்ணெய்யைப் பிடிக்கும் தொட்டி கட்டாமல் யாரும் குழாயில் இணையக்கூடாது. பொரியல் எண்ணெய் மலைக் குளிரில் குழாய்க்குள் கட்டியாகிவிடும். கூரைத் தண்ணீரையும் குழாயில் திருப்பக்கூடாது, திருப்பினால் பெருமழையில் கீழே உள்ள மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு லயத்து முற்றத்தில்தான் பொங்கும்.

நகரசபைத் தொழிலாளர்களை மறந்துவிடாதீர்கள். எந்தக் கான் எந்த மழைக்கு அடைக்கும், கக்கூஸ் குழியை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசர் எந்தக் குழிக்கு வருடத்தில் எத்தனை தடவை போகிறது என்று அவர்களைவிட அறிந்தவர் இல்லை. விஷவாயு நிற்கும் மேன்ஹோலுக்குள் நாளைக்கு உயிரைப் பணயம் வைத்து இறங்கப்போவதும் அவர்கள்தான். கூட்டத்துக்கு நாற்காலி போடுவதற்கு மட்டும் அவர்களைக் கூப்பிட்டது போதும். மேடைக்கு முன்னால் உட்காரவைத்து முதலில் பேசச் சொல்லுங்கள். ஆளை இறக்காமல் அடைப்பெடுக்கும் இயந்திரம் திட்டச் செலவில் சேர்ந்திருக்கிறதா என்று அவர்கள் வாயாலேயே கேட்கட்டும்.

கடைசியாகக் காசு. வீட்டிலிருந்து பிரதான குழாய் வரை இணைக்கும் செலவு யாருடையது, மாதக் கட்டணம் எவ்வளவு, லயத்துக்கு யார் பெயரில் பில் வரும் என்ற மூன்றையும் கூட்டத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாட்டில் குழாய்வழிக் கழிவுநீர் வசதி உள்ளவர்கள் சுமார் 2 சதவீதம்தான், ஆகவே "பக்கத்து ஊரில் எவ்வளவு?" என்று விசாரிக்கவும் ஆள் கிடையாது. பதில் வராவிட்டால் "பதில் வரவில்லை" என்றே எழுதி, திகதியும் போட்டுவையுங்கள்.

கான் நடையை இந்த வெயிலில் ஒரு தடவை நடந்துவிட்டு முடித்துவிடாதீர்கள். மழை பிடித்து ஒரு வாரம் ஆனதும் அதே பாதையில் இன்னொரு தடவை போங்கள். அன்றைக்குப் பொறியியலாளரையும் அழையுங்கள், குடையும் அட்டைக்குக் கொஞ்சம் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.