பள்ளி மாணவர்கள் குழுவாகச் செய்ய, சிறு உயிரினங்களின் நடத்தை பற்றிய சோதனையை எப்படித் திட்டமிடுவது?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர், இரண்டு வாரம், செலவு அதிகம் ஆகக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். எறும்பை எடுங்கள். அதிலும் பிள்ளையார் எறும்பு. கடிக்காது, சுவரோரம் எங்கும் கிடைக்கும், பிடித்து அடைக்கவே வேண்டாம். எலி, தவளை பக்கம் போகாதீர்கள்; அந்த உயிர்களுக்கு வீண் வதை.

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். முதல் முறை இதைச் செய்தபோது ஓர் அட்டையின் ஒரு மூலையில் வெல்லமும் மறு மூலையில் சர்க்கரையும் வைத்தோம். அரை மணி நேரத்தில் வெல்லத்தைச் சுற்றி நூறு எறும்பு, சர்க்கரையில் ஏழெட்டு. "எறும்புக்கு வெல்லம்தான் பிடிக்கும்" என்று பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். மறுநாள் ஒரு மாணவி புது அட்டையில் இரண்டு மூலையிலும் வெல்லத்தையே வைத்துப் பார்த்தாள். அப்போதும் ஒரு மூலை மட்டும்தான் கறுத்தது!

தீனி கண்ட எறும்பு வாசனைத் தடம் போட்டுக்கொண்டே புற்றுக்குத் திரும்பும். அடுத்தது அதே தடத்தில் வந்து, தன் பங்குக்கு அதன் மேலேயே போடும். டெனெபூர் என்ற ஆய்வாளரின் குழுவினர் பிரஸ்ஸல்ஸில் அர்ஜென்டினா எறும்புகளுக்கு ஒரே நீளமுள்ள இரண்டு பாதை வைத்துப் பார்த்த ஆய்வு 1990-இல் வெளிவந்தது. பாதைகளில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் பெரும்பாலான எறும்புகள் ஒன்றிலேயே போயின. அதனால் ஒரு புற்றின் நூறு எறும்பை நூறு சான்றாக எண்ணாதீர்கள். ஒரு புற்று, ஒரு சான்று. இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, திட்டத்துக்கு வருவோம். கேள்வி சின்னதாக இருக்கட்டும்: எறும்புகள் அதிகம் கூடுவது 5 சதவீதச் சர்க்கரை நீரிலா, 20 சதவீதத்திலா? 5 கிராம் சர்க்கரைக்கு 95 மில்லி தண்ணீர், 20 கிராமுக்கு 80 மில்லி. வளாகத்தின் வெவ்வேறு மூலைகளில் ஆறு புற்று தேர்ந்தெடுங்கள். பக்கத்துப் பக்கத்துத் துளைகள் ஒரே கூட்டமாக இருக்கலாம். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு புதுத் தாளில் இரண்டு நீரையும் ஒவ்வொரு துளியாக இடமும் வலமும் வையுங்கள்; புதுத் தாள் ஏனென்றால் பழைய தாளில் வாசனை ஒட்டியிருக்கும். மூன்று புற்றில் அடர்ந்த நீர், அதாவது 20 சதவீதம், இடப்பக்கம், மூன்றில் வலப்பக்கம். வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே முடித்துவிடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம் எண்ணினால் போதும்.

எதை எண்ணுவது என்பதில்தான் எங்கள் குழுவில் பெரிய சண்டை. ஓர் எறும்பு துளியின் விளிம்புக்கு வந்து, உணர்கொம்பால் இரண்டு தரம் தட்டிப் பார்த்து, திரும்பிப் போய்விட்டது. ஒருவன் கணக்கில் சேர்த்தான், இன்னொருத்தி சேர்க்கவில்லை. கடைசியில் "வாய் வைத்து ஐந்து நொடி நின்றால்தான் கணக்கு" என்று முடிவு செய்து, அன்றைய எண்களை அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். நீங்கள் இதை முதல் நாளே எழுதிவைத்துவிடுங்கள்.

அப்புறம், எண்ணுகிறவருக்கு எது அடர்ந்த நீர் என்று தெரியவே கூடாது. ரோசந்தால், ஃபோட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1963-இல் வெளியிட்ட ஆய்வில் 12 மாணவர்களுக்கு, புதிர்ப்பாதையில் ஓடவிட்டுப் பார்க்க ஆளுக்கு ஐந்து சாதாரண எலிகள் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் "கெட்டிக்கார எலி", மீதிப் பேரிடம் "மந்த எலி" என்று சொன்னார்கள். கெட்டிக்கார எலி என்று நம்பியவர்களுக்கு நல்ல முடிவே வந்தது. ஆகவே ஒரு மாணவி மட்டும் கரைசலைக் கலந்து புட்டிகளில் 'அ', 'ஆ' என்று எழுதட்டும். அவள் எண்ணும் இடத்துக்கு வர வேண்டாம். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணட்டும், ஒருவர் நேரம் பார்க்கட்டும், ஒருவர் வெயில், காற்று, நிழலைக் குறிக்கட்டும்.

ஆறு புற்றும் அடர்ந்த நீருக்கே போனால்? பூவா தலையா போட்டு ஆறு முறையும் பூவே விழ 64-இல் ஒரு வாய்ப்புதான் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு புற்று மாறிப் போனால் அதை அழிக்க விடாதீர்கள். எங்களுக்கு அப்படி ஒன்று வந்தது. குறிப்பேட்டைப் புரட்டினால், நிழல் பார்த்த பையன் எழுதியிருந்தான்: "12-ஆம் நிமிடம், வலப்பக்கத் துளியில் வெயில் விழுந்தது."