மொறிஸ் மைனர் மீதான காதல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தந்தையார் 1950களில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் கார் ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார். அதில் குளிரூட்டி இல்லை. பிரேக்கை நம்பி வேகமாக ஓட முடியாது. ஆண்டுதோறும் அடித்தகட்டில் கறள் பிடிக்கிறது. நல்ல விலை சொல்லி வருகிறவர்களையும் அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். தம் இளமைக்காலத்தை விட மனமில்லாமல்தான் அப்படிச் செய்கிறார் என்று எண்ணியிருந்தேன். ஆனால் கடந்த மாதம் அதை விலைக்குக் கேட்டு வந்தவர் இருபத்தைந்து வயது இளைஞர். அந்தக் காலத்தோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அதே காலத்துக் கார்கள் எத்தனையோ இருக்க, குறிப்பாக இந்த ஒன்றின் மீது மனிதர்கள் இப்படிக் காதல் கொள்வது ஏன்? இதை விற்கும்படி தந்தையாருக்குச் சொல்லலாமா?

அன்புடன்,
க., சுன்னாகம்

அன்புள்ள க. அவர்களுக்கு,

அந்த இளைஞரைக் கண்டதும் உங்கள் பழைய விளக்கத்தை நீங்களே ஐயுற்றது சரியானது. கடந்த காலத்தின் மீதான ஏக்கம் மட்டுமே காரணமாக இருந்தால், ஒரு தலைமுறை தன் இளமையில் கண்ட எல்லாக் கார்களையும் ஒரே அளவில் நேசித்திருக்க வேண்டும். ஹில்மன் மிங்ஸும் போர்ட் பிரிபெக்டும் அதே வீதிகளில் ஓடியவைதாம்; அவற்றைத் தேடி இன்று எத்தனை இளைஞர்கள் வருகிறார்கள்? மைனரின் மீதான காதலுக்கு அந்தக் காரிலேயே காரணம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அது மனிதனுக்குப் புரியக்கூடிய கார். புரிந்துகொண்டவனின் கைக்கு வசப்படுகிற கார்.

அது உருவான விதத்தைப் பாருங்கள். 1948 ஒக்டோபரில் லண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த மைனரை வடிவமைத்தவர், ஸ்மேர்ணாவில் (இன்று துருக்கியின் இஸ்மிர்) பிறந்து இங்கிலாந்துக்கு வந்த அலெக் இசிகோனிஸ். உற்பத்திக்கு எல்லாம் தயாராகிவிட்ட வேளையில், கார் தேவைக்கு மேல் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. மாதிரிக் காரை முன்னிருந்து பின்னாக நடுவே அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குல இடைவெளியில் கண்ணுக்கு ஒப்பியதும் நிறுத்தினார். உங்கள் தந்தையாரின் காரில் பொனற்றின் நடுவே முன்னும் பின்னுமாக ஓடும் தட்டையான பட்டி அந்த 4 அங்குலத்தின் அடையாளம். முன்பே செய்து வைத்திருந்த பம்பர்களைக்கூட நடுவில் வெட்டி, துண்டு வைத்து இணைத்துத்தான் தொடக்கக் கார்களில் பூட்டினார்கள். நிறுவனத்தின் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கு அதன் தோற்றம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஓடு நீக்கி அவித்த முட்டையைப் போலிருக்கிறது என்றார். ஆனால் 1960 டிசம்பரில், பத்து இலட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரை அதுவே பெற்றது.

அழகு ஒரு காரணம்தான். ஆயினும் அழகை மட்டும் கண்டவர் சில மாதங்களில் சலித்துவிடுவார். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அடுத்த காரணம் தெரியும். சிறிய 14 அங்குலச் சில்லுகளை இயன்றவரை நான்கு மூலைகளுக்கும் தள்ளி, எஞ்சினை முன்னால் நகர்த்தி, முறுகிக்கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும் கம்பியாலான முன் தொங்கலையும் (ரோர்சன் பார்), பற்கள் கொண்ட சட்டத்தின் வழியே சில்லுகளை நேரே திருப்பும் ஸ்ரியறிங்கையும் இசிகோனிஸ் கொடுத்திருந்தார். எஞ்சினின் வலு சொற்பம். வளைவுகளில் மட்டும், தன்னைவிட விலைகூடிய கார்களை நாணச் செய்யும் அளவுக்கு அது துல்லியமாகவும் இலகுவாகவும் திரும்பும். வீதியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் கைகளுக்குத் தெரியும். ஓட்டுபவர் செய்வதற்கெல்லாம் உடனே மறுமொழி தருகிற ஒரு பொருளின் மீது அன்பு உண்டாவது இயல்புதானே.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது பொனற்றின் கீழே இருக்கிறது. அகன்ற, நான்கு உருளைகளும் கிடையாக அமைந்த புதிய எஞ்சின் ஒன்றை இசிகோனிஸ் திட்டமிட்டு, அதற்கேற்ப இடம் ஒதுக்கியிருந்தார். அந்த எஞ்சின் கைகூடவில்லை. பழைய மொறிஸ் எய்ற் காரின் 918 சிசி எஞ்சினையே அங்கே வைத்தார்கள்; 1952இல் 803 சிசி எஞ்சினும், பின்னர் 948, 1098 சிசி எஞ்சின்களும் வந்தன. இவை எல்லாம் ஒடுக்கமானவை ஆகையால் இரு பக்கமும் தாராளமான வெளி மிஞ்சியது. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேற்றர், மின்சாரம் தரும் டைனமோ, உருளைகளுக்குத் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூற்றர் ஆகிய எதற்கும் கை நேரே போகும். பின்னைய மூன்று எஞ்சின்களின் குடும்பமே மினியிலும் வேறு பல கார்களிலும் 2000ஆம் ஆண்டு வரை தொடர்ந்தது என்பதால் உதிரிப்பாகத்துக்கும் பெரும் பஞ்சம் வரவில்லை.

இந்தத் தன்மை நம் மண்ணில் எப்படி உயிர்காத்தது என்பதை உங்கள் தந்தையார் அறிவார். உங்களுக்குச் சொன்னாரோ தெரியாது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அற்றுப்போனது. அப்போது மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. அரிதாகக் கிடைத்த பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி செத்திருந்தால் முன்னால் கம்பியைச் செருகிச் சுழற்றலாம். உருளைக்குள் எரிபொருட்கலவையை மிகவும் இறுக்கி அழுத்தும், அதாவது உயர்ந்த அழுத்த விகிதம் கொண்ட, இன்றைய எஞ்சினில் மண்ணெண்ணெய் காலத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு எஞ்சினை உடைக்கும். பழைய எஞ்சின்களிலோ அந்த விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்றுதான். அத்துடன் உள்ளிழுக்கும் குழாயும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி அமைந்திருப்பதால், புகையின் வெப்பமே எளிதில் ஆவியாகாத எண்ணெயை ஆவியாக்க உதவியது. கரும்புகை வந்தது, எஞ்சின் ஒயில் நீர்த்துப்போனது, வால்வுகளில் கரி படிந்தது. ஆனால் எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி, கரியைச் சுரண்டி, மீண்டும் பூட்டச் சிறிய கராச்சே போதுமானதாக இருந்தது. பிரசவ வலி கண்ட பெண்களையும் காயப்பட்டவர்களையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற அந்தக் கார்களை, சேர்ப்பவர்களின் காட்சிப் பொருளாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்காக மைனரைத் துடைத்து வைத்திருப்பவரின் அன்பும் உண்மையானதே. ஆயினும் அந்தக் காருக்குள் என்ன இருந்தது என்பதை, அவருக்குத் தேவைப்படாத ஆழம் வரை, யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் கண்டார்கள்.

தென்னிலங்கையிலும் இதே அறிவின் இன்னொரு வடிவம் இருந்தது. 1990களில் அங்கே மைனரின் உடற்தகடுகளைச் செய்து, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். இது எனக்குப் பெருமை தரும் செய்தி.

நீங்கள் சொல்லும் குறைகளை நான் மறுக்கவில்லை. தனிச் சட்டகம் இல்லாமல் உடலே சட்டகமாக இருப்பதால், மைனரில் கறள் அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. காரின் முதுகெலும்பையே தின்கிறது. முன் சில்லைத் தாங்கும் மூட்டுக்குக் காலம் தவறாமல் கிறீஸ் ஏற்றாவிட்டால் அது தேய்ந்து கழன்று, சில்லு ஒரு பக்கமாக மடிந்துவிடும். பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்ரர் சிலிண்டரை ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே புதைத்தது வடிவமைப்பின் பெருங்குறை என்பேன். ஆனால் இந்தக் கவனிப்புகளின் வழியாகத்தான் காதல் வேரூன்றுகிறது. ஒரு பொருளுக்காகத் தன் கையால் உழைத்தவன் அதன் ஒவ்வோர் ஒலியையும் அறிகிறான்; அந்த அறிவை விலை பேசி வாங்க முடியாது. அந்த இளைஞர் தேடி வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் வளர்ந்த காலத்துக் கார்கள், பொனற்றைத் திறந்தால் ஒரு பிளாஸ்ரிக் மூடியையும், பழுதானால் கணினி காட்டும் ஓர் எண்ணையும் தருபவை. அவற்றை அவர் பயன்படுத்தலாம், நெருங்க முடியாது.

விற்கச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. பாதுகாப்புக் குறித்த உங்கள் கவலை நியாயமானதால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கதவுகளுக்குக் கீழுள்ள ஓரத் தகடுகள், நடுவே குறுக்காகச் செல்லும் சட்டம், பின் வில்லுகள் பொருந்தும் இடங்கள் ஆகிய மூன்றையும் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தகடு கெட்டியாக இருந்தால் மற்றவை எல்லாம் திருத்தக்கூடியவை. முன் மூட்டுகளுக்குக் கிறீஸ் ஏற்றும் முறையைத் தந்தையாரிடமே கேட்டு, அடுத்த முறை நீங்களே ஏற்றிப் பாருங்கள். அதன் பிறகும் விற்கவேண்டும் என்று தோன்றினால், அந்த இளைஞருக்கே கொடுங்கள்.

அன்புடன்.