பிக்கப் அப்புறம், முதலில் நெக்

கேள்வி: பிரித்துப் பழகுவதற்கென்றே 7,000 ரூபாயில் ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிதார் ஒன்று வாங்கினேன். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, கையை எடுத்தால் கூடுகிறது. முதலில் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தச் சுருளை) மாற்றலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவசரப்படாதீர்கள். தொட்டதும் இரைச்சல் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் (உடலில் தந்திகள் தாங்கி நிற்கும் உலோகப் பகுதிக்கு) போகும் எர்த் ஒயர் நன்றாகவே இருக்கிறது. வெளி இரைச்சலைத் தடுக்க, பிக்கப் குழிகளில் காப்பர் டேப் ஒட்டி, துண்டுகள் சேரும் இடங்களில் ஈயம் வைத்து, எர்த்தோடு இணையுங்கள். உங்கள் கிதாரில் உள்ளது போன்ற ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கே (சிங்கிள் காயில்) உரிய ஹம் என்ற ரீங்காரம் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும்.

ஆனால் இதற்கும் முன், முதல் வேலை நெக்கில்தான் (கிதாரின் கழுத்துப் பகுதி). தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.25 மி.மீ. இருந்தால் போதும். அதிகமானால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பி) ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் முடுக்குங்கள். மக்கர் செய்தால் வலுக்கட்டாயம் கூடாது.

நெக் ஓரமாக விரலை ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் ரம்பம்போலக் கீறுகின்றனவா? ஐப்பசி அடைமழையில் ஈரம் குடித்த பலகை பங்குனி வெயிலில் சுருங்கும், உலோகம் அப்படியே நிற்கும். அதனால் நம் டெல்டாவில் இந்த முனைகளைக் கோடையில் அராவுவதே சரி. கார்த்திகையில் அராவினால் சித்திரையில் மறுபடி நீட்டிக்கொள்ளும். அராவும்போது பலகையை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள்.

பிறகு பாட், அதாவது ஒலியளவு, தொனிக் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடை. சிங்கிள் காயிலுக்கு 250கே (250 கிலோ ஓம்) வாங்குங்கள். மலிவுக் கிதாரில் பாட் நுழையும் துளை பெரும்பாலும் 7, 8 மி.மீ.தான், பெரிய அளவு பாட் நுழைய 9.5 மி.மீ. வேண்டும். ரீமரால் (துளையைச் சுரண்டிப் பெரிதாக்கும் கைக்கருவி) மெல்ல விரியுங்கள், டிரில் வைத்தால் பிக்கார்டு (பாட்கள் பொருத்தியிருக்கும் முன்பக்கப் பிளாஸ்டிக் தகடு) விரிசல் விடலாம்.