பெக்துதேகன் முழுவதும் நடக்க 'பெர்மிட்' உண்டா?

கேள்வி: கொரியாவில் வேலை பார்க்கிறேன். வடக்கே சீன எல்லையில் உள்ள பெக்துமலையிலிருந்து தெற்கே ஜிரிமலை வரை பெக்துதேகன் மலைத்தொடர் முழுவதும் நடக்க பெர்மிட் எடுத்துத் தருவதாகச் சொல்லி ஓர் ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஒரு பெர்மிட்டே கிடையாது. சுமார் 1,400 கிலோமீட்டர் நீளும் தொடரில் பாதி வட கொரியாவில் இருக்கிறது. நடுவில் ராணுவ எல்லை. தெற்கிலிருந்து நடப்பவர்கள் ஜின்புரியோங் கணவாயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சீனா வழியாகப் போய் பெக்துமலையின் ஏரியைப் பார்க்கலாம்தான். ஆனால் அது பஸ் சுற்றுலா. அதையும் இதையும் ஒட்டவைத்து விற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

விற்க முடிகிறதே, ஏன்? கொரியர்களுக்கு இந்தத் தொடர் நாட்டின் முதுகெலும்பு. தேசிய கீதத்தின் முதல் வரியிலேயே பெக்துமலை வந்துவிடும். ஓர் ஓடைகூடக் குறுக்கே வெட்டாமல் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் ஒற்றை முகடு என்பது பழைய கணக்கு. 1903-இல் ஜப்பானிய நிலவியலாளர் கோதோ புன்ஜிரோ பாறை அமைப்பை வைத்து மலைகளைத் தனித்தனித் தொடர்களாகப் பிரித்தார். பாடப்புத்தகத்தில் அதுவே நிலைத்தது. 1980-களில்தான் பெக்துதேகன் என்ற பழைய பெயர் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. ஓடை வெட்டாத முகடு என்றால் உங்களுக்கு என்ன அர்த்தம்? வழியில் தண்ணீர் கிடைப்பது அரிது. அடுத்த ஊற்று எங்கே என்று பார்த்து பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

முதல் தடவைக்கு ஜிரிமலை போதும். அதன் மேற்குப் பக்கத்து நோகோதானிலிருந்து 1,915 மீட்டர் உயரமுள்ள சொன்வாங்போங் சிகரம் வரை 25.5 கிலோமீட்டர். தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணத்தை 2007-லேயே எடுத்துவிட்டார்கள். இரவு தங்கும் குடிலை பூங்கா நிர்வாகத்தின் தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம்.

ஒரு சிக்கல் உண்டு. நோகோதான் உச்சிக்கு மட்டும் தனியாக முன்பதிவு வேண்டும். கீழே உள்ள நோகோதான் கணவாய்க்கு வேண்டாம். நீள நடை அந்தக் கணவாய் வழியாகத்தான் போகிறது. கணவாயிலும் ஒரு கற்கோபுரம், உச்சியிலும் ஒரு கற்கோபுரம். இதைப் பார்த்துக் குழம்பியவர்களிடம்தான் 'நோகோதான் பாஸ்' விற்கிறார்கள். மலைமூதாட்டித் தெய்வத்தின் பேரில் அமைந்த இடம், அங்கேயும் இந்தக் கூத்து.

2003-இல் தென் கொரியாவில் உள்ள தொடர் முழுவதையும் காக்க ஒரே சட்டம் போட்டார்கள். சரி. ஆனால் தங்க இடம் தேடினால் பூங்காவுக்கு ஒரு தளம், வனத்துறைக்கு வேறொரு தளம். பாதையில் ஒரு துண்டு மூடியிருக்கும், இன்னொன்றில் நேரக் கட்டுப்பாடு. புரோக்கர் முளைக்காமல் என்ன செய்வான்?

அப்புறம், பிப்ரவரி நடுவிலிருந்து வசந்தம் முடியும்வரை காட்டுத்தீ பயத்தில் முகட்டுப் பாதைகள் பல மூடப்படும். லீவு போடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.