பிளேஸ்டேஷனில் வழுக்கும் கேம் கணினியில் ஏன் திக்குகிறது?

கேள்வி: தேவகோட்டையில் அயித்தான் வீட்டு பிளேஸ்டேஷன் 5-இல் சரளமாக ஓடும் கேம், காரைக்குடியில் என் கணினியில் திக்கித் திக்கி ஓடுகிறது, படமும் மங்கல். 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு மட்டமா?

கார்டைத் திட்டாதீர்கள். பிளேஸ்டேஷன் 5-இல் எந்த கிராபிக்ஸ் சிப் என்பது முன்பே தெரியும் என்பதால், ஷேடர்களை (ஒளி, நிழல், நிறத்தைக் கார்டு எப்படி வரைய வேண்டும் என்று சொல்லும் சிறு நிரல்கள்) கேம் நிறுவனமே முன்கூட்டித் தயாரித்துக் கொடுத்துவிடும். கணினிக்குக் கணினி கார்டு வேறு. அதனால் உங்கள் கணினியே அவற்றைத் தயாரிக்க வேண்டும். புது இடத்துக்குள் நுழையும்போதோ முதல் வெடி வெடிக்கும்போதோ ஒரு கணம் உறைகிறதே, பெரும்பாலும் இதுதான். கேம் திறந்ததும் 'ஷேடர் தயாராகிறது' என்று வந்தால், பொறுமையாக முடிய விடுங்கள். டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) புதுப்பித்தால் மறுபடி வரும், எரிச்சல்தான்.

அப்புறம் நினைவகம். பிளேஸ்டேஷனின் 16 ஜிபியைச் சிபியுவும் கிராபிக்ஸும் பகிர்ந்துகொள்ளும். உங்கள் கார்டின் 8 ஜிபி நிரம்பினால், மிச்சம் மெதுவான வழியில் ராமிலிருந்து வரும். கேம் செட்டிங்ஸில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்கள்) மட்டும் ஒரு படி இறக்குங்கள்.

மங்கலுக்குக் காரணம் அப்ஸ்கேலிங்காக, அதாவது சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதாக, இருக்கலாம். பிளேஸ்டேஷனும் அதைச் செய்கிறது. ஆனால் முகப்பில் பத்தடி தள்ளி உட்கார்ந்து டிவி பார்த்தால் தெரியாது. இரண்டடியில் இருக்கும் மானிட்டரில் முடியிழைகூடப் பிசிறடிக்கும். அப்ஸ்கேலிங் செட்டிங்கில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்றிருந்தால் 'குவாலிட்டி'க்கு மாற்றுங்கள்.

சில போர்ட்டுகளே (கணினிக்கு மாற்றிய பதிப்புகள்) மோசம், அது வேறு கதை. 2015-இல் 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' கணினிப் பதிப்பின் விற்பனையையே நிறுத்திவைத்தார்கள். அப்படிப்பட்டதற்குப் புதுக் கார்டு வாங்குவது வீண், கோளாறைச் சரிசெய்யும் பேட்ச் வரட்டும்.