சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் சிறுநீர்ப் பாதையில் பூஞ்சைத் தொற்று வருவது ஏன்?

நம் குடலிலும் தோலிலும் இயல்பாகவே வாழும் கேண்டிடா என்னும் பூஞ்சை சிறுநீர்ப்பையிலோ பொருத்தப்பட்ட சிறுநீரகத்திலோ பெருகி நோய் உண்டாக்குவதே பெரும்பாலும் இத்தொற்று எனப்படுகிறது. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்கத் தரப்படும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலைத் தாழ்த்துகின்றன. ஆன்டிபயாட்டிக்குகளோ, பூஞ்சையை அடக்கிவைத்திருந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழித்துவிடுகின்றன. பயிரும் காவலும் இல்லாத வயலில் களை மண்டுவதைப் போன்றது இது. கதீட்டர் எனப்படும் சிறுநீர்க் குழாயும் சிறுநீர்நாளம் அடைபடாதிருக்க உள்ளே வைக்கப்படும் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயும் அக்களைக்குக் கொழுகொம்பாகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறுநீரில் இறங்கும் சர்க்கரை உரமும் இடுகிறது. ஃப்ளூகோனசோல் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையைத் தாமாக வாங்கி உண்பது (இதை அழுத்தியே சொல்ல வேண்டும்) இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை உயர்த்திப் புதிய சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும். பரிசோதனையில் பூஞ்சை தெரிந்தாலே தொற்று என்று பலர் அஞ்சுகின்றனர். ஆனால் காய்ச்சலோ எரிச்சலோ இல்லாதபோது, குழாயை மருத்துவர் அகற்றுவதே பல வேளைகளில் போதுமானதாகிவிடுகிறது.