பகானின் குதிரைமுடிக் கிண்ணம்

கேள்வி: இயற்கையில் கிடைக்கும் சாதாரணப் பொருள்களை வைத்துச் செய்த கலைப்பொருள்களில், நீங்கள் நேரில் பார்த்து அசந்துபோனது எது?

என் ஓட்டு, எங்கள் பர்மாவில் பகான் பக்கம் செய்யும் குதிரைமுடிக் கிண்ணத்துக்குத்தான்.

பார்வைக்கு ஒன்றும் பிரமாதமாக இருக்காது. கறுப்பிலோ சிவப்பிலோ, தேநீர் குடிக்கிற அளவில் ஒரு சின்னக் கிண்ணம். கையில் எடுத்தால் கனமே தெரியாது. விளிம்பை இரண்டு விரலால் அமுக்கினால் எதிரெதிர் ஓரங்கள் ஒன்றையொன்று தொடும். விட்டதும் பழையபடி வட்டமாகிவிடும். விரிசல் விழாது, மேல்பூச்சு உதிராது.

மூங்கிலை மெல்லிய சிம்புகளாகச் சீவிப் பாவாக நிறுத்தி, குதிரைவால் முடியை ஊடாக ஓட்டி முடைகிறார்கள். அந்த முடிதான் இந்த வளைவுக்குக் காரணம். மேலே பூசுவது திட்சி என்கிற மரப்பால்; இதுதான் எங்கள் ஊர் அரக்கு. அரக்கு என்றதும் தமிழ்நாட்டில் பூச்சியிலிருந்து எடுப்பதை நினைப்பார்கள்; இது மரத்தைக் கீறி இறக்குவது. மரம் ஷான் மலைப்பக்கம் வளர்கிறது. மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் அதற்குப் பங்காளிகள். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் புண்ணாகுமே, அந்தக் குணம் இதற்கும் உண்டு. பழகாதவர்கள் பச்சைப் பாலைத் தொட்டால் கை தடித்து அரித்தெடுத்துவிடும். இறுகிய பிறகு அதே பால், சோறு போட்டுச் சாப்பிடும் அளவுக்குச் சாதுவாகிவிடுகிறது.

இறுகுவதிலும் ஒரு விநோதம். காற்றில் ஈரம் இருந்தால்தான் திட்சி இறுகும். பகானோ நாட்டிலேயே வறண்ட பகுதி. அதனால் நிலவறை கட்டி, பூசிய சாமான்களை அதற்குள் வைக்கிறார்கள். ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். அப்புறம் வெளியே எடுத்துத் தேய்த்து, அடுத்த பூச்சு. நல்ல சாமான் முடிய மாதக்கணக்கில் ஆகும். முழுக்க மூங்கிலால் ஆன தட்டு, பெட்டி வகைகளுக்கு, சாணச் சாம்பலோ உமிச் சாம்பலோ திட்சியில் குழைத்து முடைச்சலின் சந்துகளை அடைப்பார்கள். குப்பையில் கொட்டுகிற சாம்பலுக்கு இப்படி ஒரு யோகம்!

பகானை ஒட்டிய மியின்கபா கிராமத்துப் பட்டறைகளில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. காகிதத்தில் எதுவும் வரைந்து வைத்துக்கொள்ளாமல், கூர்முனையால் கறுப்புப் பரப்பில் நேராகக் கீறுகிறார்கள். சிவப்பைத் தேய்த்துத் துடைத்தால், கீறிய கோட்டில் மட்டும் நிறம் தங்கும். பிசின் தடவி அதை மூடிவிட்டு, பச்சைக்கு வேறு கோடு. பிறகு மஞ்சளுக்கு இன்னொன்று. சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம் என்று கனிமப் பொடிகளைச் சேர்ப்பது பழைய முறை. முதல் கோடு போடும்போதே கடைசி மஞ்சள் எங்கே விழும் என்பது கீறுகிறவர் மனசில் இருக்க வேண்டும். கொடி, இலை, பூ எதுவும் நடுங்கின மாதிரி தெரிவதில்லை.

இங்குள்ள சில தமிழ் வீடுகளில் பாட்டிமார் வைத்திருந்த பகான் வெற்றிலைப் பெட்டியைப் பார்க்கலாம். உயரமான உருளை, அடியில் வெற்றிலை, மேலே தூக்கி வைக்கும் தட்டுகளில் பாக்கும் சுண்ணாம்பும். மூடியை இறக்கினால் காற்று தள்ள, மெல்லத் தானாக அமரும்.

கடைகளில் பொன்பூச்சுப் போட்ட, அன்னப்பறவை வடிவத்திலும் ஆந்தை வடிவத்திலும் செய்த பெட்டிகள்தான் முன்வரிசையில் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் அதைத்தான் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்னத்தை அன்னம் மாதிரியே செய்து வைப்பதைவிட, வால்முடியை வளையும் கிண்ணமாக்கியது பெரிய வித்தை என்பது என் கட்சி.

பகான் போனால் 1924இல் தொடங்கிய அரக்குவேலைப் பள்ளியையும் (இப்போது கல்லூரி) அதன் அருங்காட்சியகத்தையும் முதலில் பாருங்கள். கண் பழகிவிட்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள். பூச்சின் எண்ணிக்கையைக் குறைத்து அவசரமாக முடித்த சாமான்களும் நிறைய விற்கின்றன. குதிரைமுடி என்று சொல்லி விற்றால், விளிம்பை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் அமுக்க வேண்டாம், கடைக்காரரே அமுக்கட்டும். உடைந்தால் அது அவர் பாடு.